ஜோடனை: பூப்பல்லக்கிலிருந்து போலீஸ் வழக்கு வரை

பழைய தமிழ் நாளிதழ்களின் உள்பக்கங்களைப் புரட்டுகிறவர்களுக்கு மூன்று வாக்கிய வார்ப்புகள் திரும்பத் திரும்பத் தட்டுப்படும். பொதுக்கூட்டச் செய்தியில் ஊர்ப் பிரமுகர் அக்கிராசனத்தை, அதாவது தலைமை நாற்காலியை, அலங்கரிப்பார். திருவிழாச் செய்தியில் சுவாமி, புஷ்பங்களால் ஜோடிக்கப்பட்ட பல்லக்கில் எழுந்தருளுவார். நீதிமன்றச் செய்தியில் எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு, வக்கீல் எழுந்து, இது போலீசாரால் ஜோடிக்கப்பட்ட வழக்கு என்று வாதாடுவார். மேடை, கோயில், கோர்ட்டு ஆகிய மூன்று இடங்களிலும் வேலை பார்ப்பது அழகு செய்தல் என்னும் ஒரே பொருள்தான். ஆனால் ஒருவரும் அக்கிராசனத்தை ஜோடித்ததில்லை. ஒரு போலீஸ்காரரும் வழக்கை அலங்கரித்ததில்லை. இந்தப் பாகப்பிரிவினை எப்படி நடந்தது, ‘ஜோடி’ என்ற வினை செய்தித்தாளில் என்ன வேலை செய்தது, பிறகு அந்த இடம் எப்படி ‘புனை’யின் கைக்குப் போனது என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

மேடைக்குப் போன வினை

‘அலங்கரி’யின் கதை எளிது; முதலில் அதை முடித்துவிடலாம். சம்ஸ்கிருதத்தில் ‘அலம்’ என்றால் போதும், தகும் என்று பொருள். ஒன்றைத் தகுதியுடையதாக, ஆயத்தமானதாகச் செய்வதுதான் அலங்கரித்தல். அழகு செய்தல் என்ற பொருள் அதோடு சேர்ந்தே வந்தது. வந்த பெரியவரை உட்காரச் சொல்லும்போது ‘இந்த ஆசனத்தை அலங்கரியுங்கள்’ என்பது சம்ஸ்கிருத நாடகங்களில் வரும் உபசார மொழி. நாற்காலி அவருக்கு அழகு தரவில்லை, அவர் உட்கார்ந்ததால் நாற்காலி அழகு பெற்றது என்பது அதன் உட்பொருள்.

சுதேசமித்திரன் 1882இல் வார இதழாகத் தொடங்கி 1899இல் நாளிதழானபோது, பொதுக்கூட்டம் என்பதே தமிழ்நாட்டுக்குப் புதிய சடங்கு. தீர்மானம், வழிமொழிதல், வந்தனோபசாரம் என்று அதற்கு ஒரு கிரமம் இருந்தது. அந்தக் கிரமத்தைச் சொல்லத் தமிழில் ஆயத்தச் சொற்கள் இல்லை. செய்தியாளரின் பெரும்பாலான வேலை மொழிபெயர்ப்பு. 1904இல் பாரதி அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது அவர் தலையில் விழுந்ததும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலைதான். பெரிய மனிதர் வருகையால் கூட்டம் அழகு பெற்றதாக எழுதும் பழக்கம் ஆங்கிலத் தாள்களிலும் இருந்ததால், சம்ஸ்கிருத உபசார மொழி அந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. கூட்டத் தலைவர் அக்கிராசனர் ஆனார்; அக்கிராசனத்தை வகித்தார் அல்லது அலங்கரித்தார்.

இதை வெறும் கூழைக்கும்பிடு என்று தள்ளிவிட முடியாது. தி. முத்துசுவாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானவர். வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த ஆசனத்தில் ஓர் இந்தியர் அமர்ந்தபோது, பதவி இவரால் அழகு பெற்றது என்று எழுதுவதில் ஒரு பெருமிதம் இருந்தது; சற்றே எதிர்ப்பும்கூட இருந்தது எனலாம். அதே வினையை நியமனம் பெற்ற ஒவ்வொரு ஜமீன்தாருக்கும் ஒவ்வொரு முனிசிபல் சேர்மனுக்கும் வாரி வழங்கியபோதுதான் அது நீர்த்தது.

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், 1917இல் திரு.வி.க. தொடங்கிய தேசபக்தன் நாளிதழின் தமிழ், சுயமரியாதை இயக்கம் ஆகியவை சேர்ந்து இந்த உபசாரத்தைக் கலைத்தன. பெரியார் நடத்திய குடி அரசின் தொடக்க இதழ்களில்கூட ஸ்ரீமான்களும் உபந்நியாசங்களும் உண்டு. 1932இல் வெளிநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார், எல்லாரையும் ‘தோழர்’ என்றே அழைக்க வேண்டும் என்றார். தோழர் எப்படி ஆசனத்தை அலங்கரிப்பார்? அவர் தலைமை தாங்கினார். அக்கிராசனர் தலைவராகவும் வந்தனோபசாரம் நன்றியுரையாகவும் மாறின.

‘அலங்கரி’ சாகவில்லை, பக்கம் மாறியது. வார இதழ்களில் நடிகைகள் அட்டையை அலங்கரித்தார்கள். இரங்கல் குறிப்புகளில் மறைந்தவர் பல பதவிகளை அலங்கரித்தார். ஒரு வேலையும் செய்யாமல் நாற்காலியில் இருப்பவரைக் குத்திக்காட்டவும் இன்று அதே சொல்தான் உதவுகிறது. உபசாரத்துக்கென்று வந்த வினை எள்ளலுக்குப் போனது அதற்குரிய தண்டனை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூங்கிலும் பூவும்

‘ஜோடி’ வேறு சாதிச் சரக்கு. தெலுங்கில் ‘ஜோடிஞ்சு’ என்றால் சேர்த்தல், பொருத்துதல். மராத்தியிலும் ‘ஜோட்’ என்பதற்கு இணைத்தல் என்றே பொருள். இரண்டு பேர் சேர்ந்தால் ஜோடி என்பதும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். நாயக்கர், மராட்டியர் ஆட்சிகளைக் கண்ட நாட்டில் இந்தச் சொல் தமிழுக்குள் வந்து அழகு செய்தல் என்ற பொருளையும் ஏற்றதில் வியப்பு இல்லை. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் மணவறைச் சோடனை, பந்தல் சோடனை என்றுதான் பேச்சு. தமிழ்நாட்டில் அந்த இடத்தை அலங்காரமும் டெக்கரேஷனும் எடுத்துக்கொண்டன.

ஜோடனை என்றால் சும்மா பூ வைப்பது அல்ல. பூப்பல்லக்கு ஜோடிப்பவர் முதலில் மூங்கிலை வளைத்துச் சட்டம் கட்டுவார். அதன்மேல் துணி, வண்ணத்தாள், நெட்டி, பிறகு பூச்சரம் என்று அடுக்கடுக்காக ஏறும். பத்து வகைச் சரக்கை ஒன்றோடொன்று பொருத்தி, தூரத்தில் நிற்பவனுக்கு ஒரே பொருளாகத் தெரியும்படி செய்வதுதான் அந்தக் கலை. கிட்டே போய்ப் பார்த்தால் முடிச்சு தெரியும். திருவிழாவில் யாரும் அவ்வளவு கிட்டே போய்ப் பார்ப்பதில்லை.

இந்தச் சொல் வழக்கு மன்றத்துக்குப் போன காரணம் இங்கேதான் இருக்கிறது. பொய் வழக்கு என்பது ஒரு பொய் அல்ல, பல பொருள்களின் பொருத்தம். புகார் வேண்டும், நேரில் பார்த்தவர் வேண்டும், கத்தியோ நகையோ ‘கைப்பற்றப்பட’ வேண்டும், அதற்கு மகஜர் என்னும் கைப்பற்றல் குறிப்பு எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக ஏற்கக் கூடாது என்றது. ஆனால் 27ஆவது பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்தது: எதிரி சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவலில் அதோடு தொடர்புடைய பகுதி செல்லும். ஆகவே பொருளைக் கண்டெடுப்பதும் அதற்குச் சாட்சி நிறுத்துவதும் வழக்கின் மூங்கில் சட்டம் ஆயின. குறுக்கு விசாரணை என்பது கிட்டே போய் முடிச்சைத் தேடும் வேலை. மகஜரில் எழுதிய நேரத்தில் சாட்சி வேறு ஊரில் இருந்தார் என்று தெரிந்தால் ஜோடனை கலைந்துவிடும்.

இந்தியத் தண்டனைச் சட்டமும் இதில் நுட்பமாகவே இருந்தது. அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் தருவது 182, பொய்ச் சான்று உருவாக்குவது 192, ஒருவருக்குக் கேடு செய்யப் பொய்க் குற்றம் சுமத்துவது 211 என்று மூன்று தனித்தனிப் பிரிவுகள். பேச்சுத் தமிழுக்கு இவ்வளவு பிரிவினை தேவைப்படவில்லை. மூன்றையும் ‘ஜோடித்தல்’ சுமந்தது.

வக்கீல் வாயில் வைத்த சொல்

இனி நிருபரின் நிலையைப் பார்ப்போம். ஒரு வழக்கு பொய் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தாலும் தம் பெயரில் அதை எழுத முடியாது. 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் அச்சகத்திடம் ஜாமீன் தொகை கேட்கவும், ஆட்சேபகரமானது எனக் கருதப்பட்டதை அச்சிட்டால் அதைப் பறிமுதல் செய்யவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. 1922இல் அது நீக்கப்பட்டாலும் 1931இல் அவசர அதிகாரச் சட்டமாக மறுபடி வந்தது. சிறிய தமிழ்ப் பத்திரிகைக்கு ஜாமீன் தொகை போனால் பத்திரிகையே போனது போலத்தான். அரசு பொறுத்துக்கொண்டாலும், பெயர் குறிப்பிடப்பட்ட அதிகாரி மானநஷ்ட வழக்குப் போடலாம்.

தப்பும் வழியும் சட்டத்திலேயே இருந்தது. மானநஷ்டத்தை வரையறுக்கும் 499ஆவது பிரிவின் நான்காவது விதிவிலக்கு, நீதிமன்ற நடவடிக்கையைப் பெரும்பாலும் உண்மையாக எடுத்துரைக்கும் செய்தி குற்றமாகாது என்றது. எனவே ‘ஜோடிக்கப்பட்டது’ என்ற சொல் நிருபருடையதாக இருக்கக் கூடாது, வக்கீலுடையதாக இருக்க வேண்டும். தமிழ் இலக்கணம் இதற்கு மிக வசதி. ‘என்று’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், முழுப் பொறுப்பும் வேறொருவர் தலைக்குப் போய்விடும். ஜோடிக்கப்பட்டது என்று வாதாடினார், ஜோடிக்கப்பட்டதாகக் கூறினார், ஜோடிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. கடைசி வடிவத்தில் சொன்னவரும் மறைந்துவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல ஆசிரியர் குழு அதை அடித்துவிடும்; அவசரத்தில் அச்சேறிய நாள்களும் இருந்தன.

அரசியல் வழக்குகளில் இந்த வேலைப்பாடு இன்னும் தெளிவாகத் தெரியும். சதி வழக்கு என்ற வகையே ஜோடனைக்கு ஏற்ற களம். கொலை வழக்கில் பிணமாவது இருக்க வேண்டும். சதி வழக்கில் சிலர் சேர்ந்து திட்டமிட்டார்கள் என்று சொல்ல ஒரு சாட்சி கிடைத்தால் போதும். கம்யூனிஸ்டுகள் மீதான 1924ஆம் ஆண்டுக் கான்பூர்ச் சதி வழக்கில் சென்னையின் சிங்காரவேலர் பெயர் சேர்க்கப்பட்டது. 1940களின் தொடக்கத்தில் சென்னைச் சதி வழக்கு நடந்தது; பி. ராமமூர்த்தி, மோகன் குமாரமங்கலம் முதலியோர் அதில் எதிரிகள். பிறகு வந்தது மதுரைச் சதி வழக்கு. அதிலும் ராமமூர்த்தி இருந்தார், என். சங்கரய்யா இருந்தார். அவர்கள் விடுதலையான நாள் 1947 ஆகஸ்ட் 14. மறுநாள் நாடே விடுதலையாகிறது. அந்த வழக்கைப் பற்றி இடதுசாரிகள் எழுதியவற்றில் ‘என்று’ கிடையாது. ஜோடிக்கப்பட்ட வழக்கு என்றோ பொய் வழக்கு என்றோ சொந்தக் குரலில் நேராகவே எழுதினார்கள். கட்சி ஏட்டுக்கும் நாளிதழுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஒரு ‘என்று’வை வைத்தே அளந்துவிடலாம்.

செய்தவர் எங்கே?

மேடைச் செய்தியும் கோர்ட்டுச் செய்தியும் ஓரிடத்தில் சேருகின்றன. இரண்டும் ‘பட்ட’ வாக்கியங்கள். நகரம் தோரணங்களால் அலங்கரிக்கப்பட்டிருந்தது, வழக்கு ஜோடிக்கப்பட்டிருந்தது. யார் செய்தார்?

1922 ஜனவரி 13 அன்று வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தார். அரசு வரவேற்பு ஒரு பக்கம். காங்கிரஸ் அறிவித்த பகிஷ்காரம், கடையடைப்பு, கலவரம் இன்னொரு பக்கம். அப்படிப்பட்ட நாளில் ‘நகரம் அலங்கரிக்கப்பட்டிருந்தது’ என்று ஒரு செய்தி எழுதினால் அது எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. கொடியைக் கட்டியது நகரத்தாரா, முனிசிபாலிட்டியா? ஊர் மனம் உவந்து வரவேற்றதா, வரவேற்றதாகக் காட்டப்பட்டதா? அன்றைய அரசியலின் முழுக் கேள்வியும் அதுதான். அந்த வினை வடிவமோ அந்தக் கேள்வியையே எழவொட்டாமல் செய்கிறது.

தமிழில் இது இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. மணிமேகலையின் விழாவறை காதையில், வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, புகார் நகரத்தில் இந்திர விழாவை அறிவிக்கிறான் முரசறைவோன். செய்தித்தாள் இல்லாத காலத்தின் செய்தி அது. அதன் வினைகளைப் பாருங்கள்:

காய்க்குலைக் கமுகும் வாழையும் வஞ்சியும்
பூங்கொடி வல்லியும் கரும்பும் நடுமின்

நடுங்கள் என்கிறான். முத்துமாலைகளைத் தொங்கவிடுங்கள், பூரண கும்பமும் பாலிகையும் பாவை விளக்கும் பரப்புங்கள் என்கிறான். வாழை நட வேண்டியவர்கள் எதிரே நிற்கிறார்கள். வினை அவர்களை நோக்கியே பேசுகிறது. அதே வாழையும் கமுகும் இருபதாம் நூற்றாண்டுச் செய்தியில் நடப்பட்டிருந்தன, கட்டப்பட்டிருந்தன. நட்டவனைக் காணோம். விழாச் செய்தியில் அவன் மறைந்ததற்குக் காரணம், அவனை யாரும் பொருட்படுத்தவில்லை. கோர்ட்டுச் செய்தியில் செய்தவர் மறைந்ததற்குக் காரணம், அவர் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. இலக்கண வடிவம் என்னவோ ஒன்றுதான்.

‘போலீசாரால்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் பெயர் சொன்னதாகிவிடுமே என்று கேட்கலாம். ஆகாது. ஜோடித்தவர் ஓர் இன்ஸ்பெக்டர், ஓர் ஏட்டு, ஒரு மிட்டாதார் என்னும் நிலக்கிழார், அவருடைய காரியஸ்தர். ‘போலீசார்’ என்பது முகமில்லாத பன்மை. அதன்மேல் யாரும் வழக்குப் போட முடியாது, அதை யாரும் தண்டிக்கவும் முடியாது.

புனை வந்த கதை

தனித்தமிழ்க் காற்று ‘ஜோடி’யையும் விடவில்லை. ஜ என்பது கிரந்த எழுத்து. சோடி என்று எழுதினால் செருப்புச் சோடி நினைவுக்கு வருகிறது. சட்டத் தமிழுக்கும் ஆட்சித் தமிழுக்கும் சொல் தேடியவர்கள் ‘புனை’யை எடுத்தார்கள், 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தேடலுக்கு அரசின் ஆதரவும் கிடைத்தது. பொய்ச் சான்று புனைதல், புனையப்பட்ட வழக்கு என்று நாளிதழ்களும் எழுதத் தொடங்கின.

தேர்வு பிழையில்லை. புனைதலும் அழகு செய்தல்தான்: பூப்புனைதல், மாலை புனைதல். நெடுநல்வாடை வண்ணம் தீட்டாத சித்திரத்தைப் ‘புனையா ஓவியம்’ என்கிறது. நன்னூல் தன் முதல் நூற்பாவில் பாயிரத்துக்கு ஏழு பெயர்களை அடுக்கும்போது அணிந்துரையையும் புனைந்துரையையும் சேர்த்தே சொல்கிறது. இரண்டும் நூலுக்கு அழகு செய்யும் உரைகள், இரண்டிலும் குற்றமில்லை. இன்று அணிந்துரை எழுதித் தரச் சொல்லிப் பேராசிரியர் வீட்டுக்குப் போகிறோம். புனைந்துரை எழுதித் தரச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார்.

தமிழில் பொய்க்குரிய வினைகளைத் திரட்டிப் பார்த்தால் ஒரு பூக்கட்டியின் திண்ணைக்கே வந்து சேருகிறோம். செய்தியைத் திரிக்கிறார்கள், நாரைத் திரிப்பதும் அதுவே. கதை கட்டுகிறார்கள், பூவையும் கட்டுகிறார்கள். வழக்குத் தொடுக்கிறார்கள், அம்பைத் தொடுப்பது போல என்று சொன்னாலும் மாலை தொடுப்பது காதில் விழாமலில்லை. பிறகு புனைவு, பிறகு ஜோடனை. சூடுவது மட்டும் தப்பித்தது. தேர்தலில் வென்றவர் வாகை சூடினார் என்று இன்றும் கூசாமல் எழுதுகிறோம்.

ஆனாலும் ‘புனை’ வந்ததில் ஒன்று கைவிட்டுப் போயிற்று. புனைகதை, புனைபெயர், புனைவு என்று அந்தச் சொல் இலக்கியத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. புனையப்பட்ட வழக்கு என்றால் அடியோடு கற்பனை என்று தோன்றுகிறது. நடைமுறையில் அப்படிப்பட்ட வழக்குகள் குறைவு. கொலை உண்மையாக நடந்திருக்கும், திருட்டும் உண்மையாகவே நடந்திருக்கும். எதிரியாக நிறுத்தப்பட்டவர் மட்டும் வேறு ஆள். கத்தி உண்மை, அதைக் கண்டெடுத்த இடம் பொய். சாட்சி உண்மையில் அந்தத் தெருக்காரர், அன்றைக்கு அவர் அங்கே இல்லை. உண்மையான சட்டத்தின்மேல் பொய்ச் சரக்கை ஏற்றிப் பொருத்துவதை ‘ஜோடி’ துல்லியமாகச் சொன்னது. பல்லக்கு நிஜம், சுவாமி நிஜம், மேலே ஏற்றியது மட்டும் ஏற்றியது. என்னைக் கேட்டால் ஜ என்ற எழுத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம்.

இப்போது ‘புனை’யும் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. தினத்தந்தி 1942 முதல் பழக்கிய எளிய நடை, சுருங்கிய தலைப்பு, அதன்பின் தொலைக்காட்சியில் ஓடும் வரி எல்லாம் சேர்ந்து ‘பொய் வழக்கு’ என்ற பெயர்ச்சொல்லை முன்னால் நிறுத்தின. அதற்கு வினை ‘போடு’. பொய் வழக்குப் போட்டார்கள் என்பதில் அவசரம் இருக்கிறது, கோபம் இருக்கிறது. கையெழுத்து வாங்கிய மகஜரும் ஊர் மாறி நின்ற சாட்சியும் அதில் இல்லை. அவை தெரிய வேண்டுமானால் தீர்ப்பு நகலைப் படிக்க வேண்டியிருக்கிறது. அங்கே இப்போது ‘அரசுத் தரப்பு தன் வழக்கைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தவறிவிட்டது’ என்ற வாக்கியம்தான் நிற்கும்.